எய்ம் சரியில்லையா, செட்டிங்ஸ் சரியில்லையா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம். பேச்சு நடையை அங்கங்கே அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடு ஷூட்டர் கேம் ஆடுறவங்களுக்கு. வேலரண்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக், ஏபெக்ஸ், எதுவா இருந்தாலும் சரி. "ஹெட்ஷாட் விழவே மாட்டேங்குது, எனக்கு கையே சரியில்லை போல"ன்னு நினைக்கிறவங்க குறிப்பா கேளுங்க.

போன மாசம் என் சித்தி பையன் போன் பண்ணினான். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆச்சு. முதல் போனஸ்ல 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியிருந்தான். காலேஜ் நண்பர்கள் அஞ்சு பேர் சேர்ந்து கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-ல ஒரு டீம். வார இறுதியில ஒரு சின்ன ஆன்லைன் போட்டி. "அண்ணா, என்னை சப்ஸ்டிட்யூட்டா வெச்சுக்கோங்கன்னு சொல்லிடலாம்னு இருக்கேன். என்னாலதான் தோக்குறாங்க. இல்லன்னா கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு இஎம்ஐ-ல எடுக்கணும். எது பண்றது?"ன்னு கேட்டான்.

"டேய், ரெண்டும் வேண்டாம். ஞாயித்துக்கிழமை வரேன், அதுவரைக்கும் எதுவும் வாங்காத"ன்னு சொன்னேன். அன்னைக்கு அவன் ரூம்ல உக்காந்து என்னென்ன பார்த்தோமோ, அதே வரிசையிலதான் இந்த எபிசோடு.

முதல் அதிர்ச்சி: 144 வாங்கி 60-ல் ஓட்டுவது

போனதும் கேம் கூட திறக்கல. விண்டோஸ்ல செட்டிங்ஸ், அதுல சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே. அங்க ரிஃப்ரெஷ் ரேட்னு ஒரு வரி இருக்கும். அவனுக்கு 60 ஹெர்ட்ஸ்னு காட்டுச்சு. எட்டு மாசமா அப்படியே ஓடியிருக்கு.

அவன் முகத்தைப் பார்க்கணுமே. "ஆனா கேம்ல 190 எஃப்பிஎஸ் காட்டுதே அண்ணா!"

இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க. எஃப்பிஎஸ் என்பது உங்க கம்ப்யூட்டர் ஒரு செகண்டுக்கு எத்தனை படம் வரைகிறது என்ற கணக்கு. ஹெர்ட்ஸ் என்பது மானிட்டர் ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை திரையைப் புதுப்பிக்கிறது என்ற கணக்கு. சமையல்காரர் 190 தோசை சுட்டாலும், பரிமாறுறவர் 60 தடவைதான் வந்து போறார்னா, உங்க இலைக்கு அவ்வளவுதான் வரும்.

கணக்கா பார்த்தா, 60 ஹெர்ட்ஸ்ல ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல 16.7 மில்லிசெகண்ட் இடைவெளி. 144-ல 6.9. 240-ல 4.2. மனுஷன் கண்ணால பார்த்துக் கையால அழுத்தவே 200-லிருந்து 250 மில்லிசெகண்ட் ஆகும்போது, இந்த 10 மில்லிசெகண்டுல என்ன வந்துடப் போகுதுன்னு கேக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா இங்க விஷயம் உங்க ரியாக்‌ஷன் வேகம் மட்டும் இல்லை, எதிரி எப்படி நகர்றான்னு உங்க கண்ணுக்குத் தெரியுறது.

வேலரண்ட்ல ரைஃபிளோட ஓடுறவன் வேகம் செகண்டுக்கு 5.4 மீட்டர். 60 ஹெர்ட்ஸ் திரையில அவன் ஒவ்வொரு படத்துக்கும் 9 சென்டிமீட்டர் தாவுறான். 144-ல 4 சென்டிமீட்டருக்கும் கம்மி. ஒரு தலையோட அகலமே சுமார் 15 சென்டிமீட்டர்தான்னு வெச்சுக்குங்க. பாதித் தலைக்கு மேல குதிச்சுக் குதிச்சு வர்றவனை உங்க கண் பின்தொடரணும், கை அதுக்கு ஈடுகொடுக்கணும். இதை "எனக்கு டிராக்கிங் வராது"ன்னு நாம நம்மையே திட்டிக்கிறோம்.

144-ஐத் தேர்ந்தெடுக்கலாம்னு பார்த்தா, அந்த லிஸ்ட்ல 144 வரவே இல்லை. ஏன்னா கேபிள். பழைய எச்டிஎம்ஐ கேபிள் ஒண்ணை எங்கிருந்தோ எடுத்து மாட்டியிருந்தான். மானிட்டர் பெட்டியைத் தேடி எடுத்தா, டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் பிரிக்காமலே உள்ள கிடக்குது. அதை மாட்டினதும் 144 வந்துடுச்சு. செலவு பூஜ்யம்.

மாட்டும்போது இன்னொண்ணும் பாருங்க. டெஸ்க்டாப்ல கேபிள் கிராபிக்ஸ் கார்டுல இருக்கிற போர்ட்ல போகணும். மேல மதர்போர்டுல இருக்கிற போர்ட்ல மாட்டினா, காசு கொடுத்து வாங்கின கார்டு சும்மா உக்காந்திருக்க வாய்ப்பு இருக்கு.

சராசரி எஃப்பிஎஸ்-ஐ நம்பாதீங்க

அடுத்து கேமைத் திறந்தோம். காலி மேப்ல 190 எஃப்பிஎஸ். சரி, ஒரு மேட்ச் ஆடுடான்னேன். ரெண்டு ஸ்மோக் விழுந்து, நாலு பேர் ஒரே இடத்துல சுட ஆரம்பிச்சதும் எண் 90-க்கு விழுது.

யோசிச்சுப் பாருங்க. எஃப்பிஎஸ் விழுற நேரமும், நீங்க ஹெட்ஷாட் அடிக்க வேண்டிய நேரமும் ஒண்ணுதான். சும்மா நடக்கும்போது 190 இருந்து என்ன பிரயோஜனம்? பஸ் ஹைவேல பறக்குது, ஆனா நம்ம ஸ்டாப் வரும்போது பிரேக்டவுன் ஆகுதுன்னா எப்படி?

அதனால பார்க்க வேண்டிய எண் சராசரி இல்லை. மோசமான நேரத்துல எவ்வளவு வருதுங்கிறதுதான். பெஞ்ச்மார்க் பண்றவங்க இதை 1 சதவீத லோன்னு சொல்லுவாங்க. 190-க்கும் 90-க்கும் நடுவுல ஊஞ்சலாடுறதைவிட, நிலையா 140-ல நிக்கிறது எய்முக்கு நல்லது. மவுஸை ஒரே அளவு நகர்த்தினா திரையில எப்பவும் ஒரே மாதிரி உணர்வு வரணும். அந்தப் பழக்கத்துலதான் கை நினைவு உருவாகும்.

இதை எப்படிச் சரி பண்றது? பளுவைக் குறைக்கணும்.

அவன் ஆன்டி-அலையஸிங்கை 8எக்ஸ்ல வெச்சிருந்தான். 4எக்ஸ் அல்லது 2எக்ஸ் போதும். முழுசா ஆஃப் பண்ணினா தூரத்துல இருக்கிறவனோட ஓரம் பல்பல்லா தெரியும். தலை எங்க முடியுது, சுவர் எங்க ஆரம்பிக்குதுன்னு கண் தடுமாறும். அதனால எல்லாத்தையும் கண்ணை மூடிக்கிட்டு லோவுக்குத் தள்ளாதீங்க.

டெக்ஸ்சர், எஃபெக்ட், பார்ட்டிகிள், ஆம்பியன்ட் அக்லூஷன் எல்லாம் குறைக்கலாம். மோஷன் பிளர், டெப்த் ஆஃப் ஃபீல்டு, ஃபிலிம் கிரெயின், இந்த மூணும் உங்க கேம்ல இருந்தா முதல் வேலையா ஆஃப். கால் ஆஃப் டியூட்டி மாதிரி கேம்கள்ல உலகத்துக்கு ஒரு பிளர், துப்பாக்கிக்கு ஒரு பிளர்னு தனித்தனியா இருக்கும், ரெண்டையும் தேடிப் பிடிங்க. வேலரண்ட்ல புளூம், டிஸ்டார்ஷன், விக்னெட் ஆஃப். மல்டிதிரெடட் ரெண்டரிங் ஆன்.

நிழல் மட்டும் விதிவிலக்கு. கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-ல மூலைக்குப் பின்னாடி நிக்கிறவனோட நிழல் முன்னாடியே தரையில விழும். அது இலவசத் தகவல். டைனமிக் ஷேடோஸை 'ஆல்'னு வெச்சுட்டு, அதுக்கான எஃப்பிஎஸ்-ஐ வேற எங்கிருந்தாவது மிச்சம் பிடிங்க. அதே மெனுவுல பூஸ்ட் பிளேயர் கான்ட்ராஸ்ட்னு ஒண்ணு இருக்கும், ஆன் பண்ணிடுங்க. பின்புலத்துலேருந்து ஆள் கொஞ்சம் தனிச்சுத் தெரிவான்.

இதெல்லாம் பண்ணியும் எஃப்பிஎஸ் ஏறலைன்னா பிரச்சினை கிராபிக்ஸ் கார்டுல இல்லாம இருக்கலாம். வேலரண்டும் கவுண்டர்-ஸ்ட்ரைக்கும் ப்ராசஸரை நம்பி ஓடுற கேம்கள். ரெசல்யூஷனைக் குறைச்சும் எஃப்பிஎஸ் அசையலைன்னா, தடை ப்ராசஸர்ல இருக்குன்னு அர்த்தம். அப்போ புது கிராபிக்ஸ் கார்டு வாங்கினாலும் பெருசா மாறாது. இஎம்ஐ கையெழுத்துக்கு முன்னாடி இந்த ஒரு சோதனையைப் பண்ணிடுங்க. ரேம் ஒரே ஒரு ஸ்டிக்கா இருந்தா, அதே மாதிரி இன்னொண்ணு சேர்த்து டூயல் சேனலாக்குறது பல மெஷின்ல அதைவிட உபயோகமான செலவு.

லேப்டாப் ஆளுங்க கவனிங்க. சார்ஜர் போட்டுத்தான் ஆடணும். விண்டோஸ் கிராபிக்ஸ் செட்டிங்ஸ்ல அந்த கேமுக்கு ஹை பெர்ஃபார்மன்ஸ் தேர்ந்தெடுத்திருக்கணும். நம்ம ஊர் மே மாச வெயில்ல, மெத்தை மேல வெச்சு ஆடினா காத்து போற வழி அடைச்சு, சூடு ஏறி, ப்ராசஸர் தன்னைத்தானே மெதுவாக்கிக்கும். அரை மணி நேரம் கழிச்சு எய்ம் கெட்டுப்போகுதுன்னு சொல்றவங்க, கையைச் சந்தேகப்படுறதுக்கு முன்னாடி லேப்டாப் அடியில தொட்டுப் பாருங்க.

டைம் கீப்பர் கதை: வி-சிங்க்

வி-சிங்க்கை ஆஃப் பண்ணுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. ஏன்னு தெரிஞ்சுக்கலாம்.

பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர் இருப்பார் இல்லையா? வண்டி ரெடி, ஆளும் ஏறியாச்சு, ஆனா நேரம் ஆகாம அவர் விட மாட்டார். வி-சிங்க் அதுதான். கம்ப்யூட்டர் படத்தை வரைஞ்சு முடிச்சாலும், மானிட்டரோட அடுத்த முறை வர்ற வரைக்கும் நிறுத்தி வைக்கும். நீங்க மவுஸை நகர்த்தினது திரையில தெரிய அவ்வளவு தாமதம். கேம் கொழகொழன்னு இருக்குன்னு சொல்லுவாங்களே, பெரும்பாலும் இதுதான்.

டைம் கீப்பரை எடுத்துட்டா டியரிங் வரும். பழைய சினிமா போஸ்டர் மேல புதுசைப் பாதி மட்டும் ஒட்டின மாதிரி, திரையோட மேல்பாதியில ஒரு படம், கீழ்பாதியில இன்னொரு படம். போட்டிக்கு ஆடுறவங்க பலபேர் அதைப் பொறுத்துக்குறாங்க. தாமதத்தைவிட அது மேல்.

ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி இருக்கு. என்விடியாவோட ஜி-சிங்க், ஏஎம்டியோட ஃப்ரீசிங்க். இதுல மானிட்டர் தன் நேரத்தை மாத்திக்கிட்டு, படம் எப்போ ரெடியோ அப்போ புதுப்பிக்கும். ஒரே நிபந்தனை, எஃப்பிஎஸ் மானிட்டரோட எல்லையைத் தாண்டக் கூடாது. 144 ஹெர்ட்ஸ்னா 138 மாதிரி கொஞ்சம் கீழ கேப் போடுங்க.

இன்னொரு தாமதம் கண்ணுக்கே தெரியாது. கிராபிக்ஸ் கார்டு 99 சதவீதம் வேலையில மூழ்கியிருந்தா, ப்ராசஸர் அனுப்புற படங்கள் ரேஷன் கடை மாதிரி வரிசையில நிக்கும். நீங்க இப்போ பார்க்கிறது ரெண்டு மூணு படம் பழசு. என்விடியா ரிஃப்ளெக்ஸ் 2020-ல வந்தது இதுக்குத்தான். வரிசை சேராம, கார்டு ரெடியாகும் நேரத்துக்குச் சரியா ப்ராசஸரை வேலை செய்ய வைக்கும். வேலரண்ட்லயும் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-லயும் மெனுவுலயே இருக்கு. ஆன் பண்ணி விட்டுடுங்க.

ஏஎம்டி கார்டு வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு பழைய கதை. 2023 அக்டோபர்ல ஆன்டி-லேக் பிளஸ்ங்கிற வசதி டிரைவர் மூலமா கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-க்கு வந்தது. அது கேமோட ஃபைலுக்குள்ள கைவெச்ச விதத்தைப் பார்த்து, வால்வோட ஏமாத்துக்காரர் தடுப்பு அமைப்பு சீட்டிங்னு நினைச்சு, கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 ஆடினவங்களை பேன் பண்ணிடுச்சு. ஏஎம்டி அந்த டிரைவரைத் திரும்ப எடுத்துக்கிட்டாங்க. 2024-ல ஆன்டி-லேக் 2 வந்தப்போ, அது கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-க்கு உள்ளேயே முறைப்படி சேர்ந்து வந்தது. இதுல நமக்குப் பாடம் என்னன்னா, கேம் மெனுவுல இருக்கிறதைத் தாராளமா தொடுங்க. யாரோ கொடுக்கிற "எஃப்பிஎஸ் பூஸ்டர்" ஃபைலைத் தொடாதீங்க. அக்கவுன்ட் போனா எய்ம் இருந்து என்ன பண்றது?

ஸ்ட்ரெச்சுடு ரெசல்யூஷன்: வரமா, பழக்கமா?

என் தம்பி 1280×960-ல, 4:3 ஸ்ட்ரெச்சுடு ஆடிட்டு இருந்தான். "ஏன்டா?"ன்னேன். "ப்ரோஸ் எல்லாம் அதுலதான் ஆடுறாங்க அண்ணா."

உண்மைதான், முன்னணி வீரர்கள் நிறைய பேர் அப்படி ஆடுறாங்க. அதுக்கு ஒரு சரித்திரம் இருக்கு. கவுண்டர்-ஸ்ட்ரைக் 1.6 காலத்துல பெட்டி மாதிரி இருந்த சிஆர்டி மானிட்டர் எல்லாமே 4:3. அந்தக் கண் பழக்கம் தலைமுறை தாண்டி வந்துடுச்சு.

இதுல லாபம் என்னன்னா, எதிரி மூணுல ஒரு பங்கு கூடுதல் அகலமாத் தெரிவான். கிராபிக்ஸ் கார்டுக்கும் பளு குறையும். நஷ்டம் என்னன்னா, அதே மூணுல ஒரு பங்கு வேகமா அவன் திரையில குறுக்கே ஓடுவான். உங்க பார்வைக் கோணமும் 106 டிகிரியிலேருந்து 90-க்குச் சுருங்கும். ரெண்டு பக்கமும் தலா 8 டிகிரி காணாமப் போச்சு. குண்டு தாங்குற அளவு, அதாவது ஹிட்பாக்ஸ், மாறவே மாறாது. ஆக எளிதான எய்மை யாரும் சும்மா கொடுக்கலை, ஒண்ணைக் கொடுத்து ஒண்ணை வாங்குறோம்.

அவன் செத்த ரவுண்டு சிலதைத் திரும்பப் பார்த்தோம். பாதி சாவு ஓரத்துலேருந்து வந்தவன்கிட்ட. அவனை இவன் பார்க்கவே இல்லை, அப்புறம் எங்க எய்ம் பண்றது? 16:9-க்கு மாத்திட்டு ஒரு வாரம் ஆடச் சொன்னேன். உங்களுக்கு 4:3 பழகி, நல்லா வருதுன்னா மாத்தாதீங்க. யாரோ ஆடுறாங்கன்னு மாத்தினவங்க மட்டும் மறுபடி யோசிங்க.

வேலரண்ட் ஆடுறவங்களுக்கு இந்தக் குழப்பமே வேண்டாம். அங்க கோணம் எல்லாருக்கும் 103 டிகிரி. மெனுவுல 4:3 தேர்ந்தெடுத்தா கீழ இருக்கிற எழுத்தும் மேப்பும்தான் இழுபடும், எதிரி அகலமாக மாட்டான். ஏபெக்ஸ் மாதிரி கோணத்தை நாமே மாத்திக்கிற கேம்கள்ல, 110 வரைக்கும் ஏத்தினா சுத்தி நிறைய தெரியும், ஆனா ஒவ்வொரு எதிரியும் சின்னதாவான். நடுவுல ஒரு இடத்தைப் பிடிச்சு அங்கேயே நில்லுங்க.

நிறமும் மானிட்டர் பட்டனும்

வேலரண்ட்ல எதிரியைச் சுத்தி வர்ற கோட்டோட நிறம் தொடக்கத்துல சிவப்பு. நிறக்குறைபாடு உள்ளவங்களுக்காக மஞ்சள், ஊதா கொடுத்திருக்காங்க. யார் வேணா பயன்படுத்தலாம். செங்கல், மரம், மண் நிறத்துச் சுவர்களுக்கு எதிரே மஞ்சள் சட்டுன்னு கண்ணுல படுதுன்னு நிறைய பேர் மாறியிருக்காங்க. கிராஸ்ஹேர் நிறம் அதோட மோதாம பச்சை அல்லது சியான் வெச்சுக்குங்க.

மானிட்டர்ல ஓவர்டிரைவ்னு ஒரு செட்டிங் இருக்கும். உச்சத்துல வெச்சா நகர்ற ஆளுக்குப் பின்னாடி வெள்ளையா ஒரு ஆவி மாதிரி தடம் வரும். நடு அளவு போதும். பிளாக் ஈக்வலைசர் மாதிரி இருட்டை வெளுக்கிற வசதி இருந்தா, மூலையில நிக்கிறவன் தெரியுற அளவுக்கு மட்டும் ஏத்துங்க. அதிகமானா எல்லாமே சாம்பல் பூசின மாதிரி ஆயிடும். டிவியில ஆடுறவங்க கேம் மோடு ஆன் பண்ணாம இவ்வளவு நேரம் நான் பேசினதைச் செய்யுறதுல அர்த்தமே இல்லை.

ஒரு நாளைக்கு ஒண்ணு

இதைக் கேட்டுட்டு இன்னைக்கு ராத்திரியே எல்லாத்தையும் மாத்தாதீங்க. எது உதவுச்சு, எது கெடுத்துச்சுன்னே தெரியாது. முக்கியமா, இதோட சேர்த்து மவுஸ் சென்சிட்டிவிட்டியைத் தொடாதீங்க.

என் வழி இதுதான். பிராக்டிஸ் ரேஞ்சுல 30 பாட் டெஸ்ட்டை மீடியத்துல பத்து தடவை ஆடி, ஸ்கோரை நோட்டுல எழுதிடுவேன். ஒரே ஒரு செட்டிங்கை மாத்துவேன். அடுத்த நாள் அதே நேரம், மறுபடி பத்து தடவை. ஒரே ஒரு ஸ்கோரை நம்பாதீங்க, டீ குடிச்சதுக்கு அப்புறம்கூட ரெண்டு பாட் கூடும். பத்துக்கு பத்து ஒப்பிட்டா மனசு நம்மை ஏமாத்த முடியாது.

செட்டிங்ஸால முடியாதது எதுன்னும் சொல்லிடறேன். மும்பை சர்வருக்குப் போய் வர்ற பிங் குறையாது. கிராஸ்ஹேரைத் தரையைப் பார்த்து வெச்சுக்கிட்டு நடந்தா, 360 ஹெர்ட்ஸ் மானிட்டரும் தரையைத்தான் அழகாக் காட்டும்.

தம்பி கதை என்னாச்சுன்னா, போட்டியில ரெண்டாவது ரவுண்டுலயே வெளிய வந்துட்டாங்க. கோப்பை எல்லாம் கிடைக்கலை. ஆனா அன்னைக்கு ராத்திரி போன் பண்ணினான். "அண்ணா, தோத்துட்டோம். ஆனா இப்போ செத்தா ஏன் செத்தேன்னு தெரியுது. மூலையைச் செக் பண்ணாம போனேன், அவ்ளோதான்." டீம்ல இன்னும் இருக்கான். கார்டு வாங்கலை. ரேம் ஸ்டிக் ஒண்ணு மட்டும் வாங்கியிருக்கான், ரொக்கமா.

எட்டு மாசம் ஒரு பையன் தன்னை மட்டமா நினைச்சுக்கிட்டான், காரணம் பெட்டிக்குள்ள பிரிக்காம இருந்த ஒரு கேபிள். அதனாலதான் இந்த எபிசோடு. உங்க ஃபிரெண்டு யாராவது "எனக்கு கேமே வராது"ன்னு சொன்னா, முதல்ல அவங்க ரிஃப்ரெஷ் ரேட்டைக் கேளுங்க.

அடுத்த எபிசோடுல மவுஸ் சென்சிட்டிவிட்டியும் டிபிஐயும். வேலரண்ட்லேருந்து கவுண்டர்-ஸ்ட்ரைக் போறவங்க ஏன் 3.18-ஆல பெருக்குறாங்கங்கிற கணக்கும் அதுல வரும். அதுவரைக்கும், கேபிளைச் செக் பண்ணுங்க மக்களே.